மருமகளின் பைபிளைச் சாமி அறையில் வைத்தேன்

நான் செய்த தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில், ஒரு சரஸ்வதி பூஜை அன்று என் மருமகளின் பைபிளை வாங்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பட்டுத் துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்றார்கள். அவள் அதைப் படிக்கக் கூடாது என்பதற்காகத்தான் வைத்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இயற்பியல் பட்டதாரி. தமிழ்ப் படிப்பிலும் ஆர்வம் உண்டு. மார்கழி மாதத்தில் தெருக் கோயிலில் பேசக் கூப்பிடுவார்கள், போய்ப் பேசுவேன். என் மகன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பெண்ணை விரும்பியபோது நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. மறுத்தால் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள முடியாதே! பதிவு அலுவலகத்தில் கல்யாணம், பிறகு எங்கள் ஊர் மண்டபத்தில் வரவேற்பு என்று எல்லாம் முறையாக நடந்தது.

அவள் இங்கே ஒரு மருத்துவக் கட்டுத்துணி கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசர். காலை ஏழரைக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அதற்கு முன் குளித்து, சமையலில் பாதியை முடித்து, சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்காருவாள். கறுப்பு உறை போட்ட பைபிளைத் திறந்து, பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் கொஞ்ச நேரம் வாசிப்பாள். போனில் அவளுடைய சபைக்காரர்கள் யாரோ இருக்கிறார்கள், கூட்டு ஜெபம் போல ஏதோ நடக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

அந்த வாசிப்பு என்னை ஏன் அப்படி உறுத்தியது என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. காலையில் என்னைப் பார்க்க வரும் நண்பர்களின் கண்ணில் அது பட்டது. அவ்வளவுதான். ஒருநாள், போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற என் பக்கத்துத் தெரு நண்பர் காப்பியைக் குடித்துக்கொண்டே, "என்ன ஓய், மார்கழிக்குத் திருப்பாவை, மத்த மாசத்துக்கு பைபிளா? வீடு நல்லா முன்னேறுது!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது.

அந்த வருடம் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி எல்லோருடைய புத்தகங்களையும் அடுக்கி, சந்தனம் தொட்டு வைப்போம். அன்று முழுக்க யாரும் எதையும் படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி அன்று எடுத்து ஒரு பக்கமாவது வாசித்துவிட்டு அவரவர் இடத்தில் வைத்துவிட வேண்டும். என் புத்தகங்கள், மகனுடைய மின்சார வேலைக் கையேடுகள், என் மனைவியின் சமையல் குறிப்புகள் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நின்ற மருமகளைக் கூப்பிட்டேன்.

"உன் வேதத்தையும் கொண்டாம்மா. அதுவும் சரஸ்வதிதானே!"

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடினாள். இரண்டு கையாலும் ஏந்தி வந்து கொடுத்தாள். "நெசமாவா மாமா?" என்று கேட்டாள். அந்தச் சந்தோஷத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. எல்லாப் புத்தகங்களையும் எடுத்துக் கொடுத்தேன். அவளுடையதை மட்டும் மஞ்சள் பட்டில் சுற்றி, சாமி படங்களுக்கு நடுவில் மேல்தட்டில் வைத்தேன்.

"அது இனி அங்கேயே இருக்கட்டும்மா. சாமிகிட்ட வச்சத எடுக்கிறது மரியாதை இல்ல. நான் தெனம் பூ வச்சுக் கும்பிடுதேன்."

ஒரு நொடி தயங்கினாள். "சரிங்க மாமா" என்றாள். வேறு என்ன சொல்வாள்? கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண், பூ வைத்துக் கும்பிடுகிறேன் என்று சொல்கிற மாமனாரிடம், திருப்பிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பாள்? அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் புதிதாக ஒரு பைபிளை வாங்கி வந்தாள். மேஜையில் அதைப் பார்த்ததும், "ஒரே வீட்ல ரெண்டு எதுக்கும்மா? மேல ஒண்ணு இருக்கறப்போ கீழ ஒண்ண போட்டா, மேல இருக்கறதுக்கு என்ன மதிப்பு?" என்றேன். மறுநாள் அது மேஜையில் இல்லை. கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாக என் மனைவியிடம் சொன்னாளாம். மகன் ஒரு தடவை, "அப்பா, அவ படிக்கணும்ல?" என்று இழுத்தான். "போன்ல இல்லாத புஸ்தகமாடா?" என்று வாயை அடைத்தேன். அவள் படிப்பதே எனக்குப் பிடிக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், அதன்பின் காலையில் மேஜை ஓரம் காலியாகவே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் சாமி அறைக்குக் கூட்டிப் போய்ப் பட்டுச் சுற்றிய பைபிளைக் காட்டினேன். அந்தப் போலீஸ் நண்பரே, "மனுசன்னா நீருதான்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் மனைவியும் போனோம். சாப்பிட்டு முடித்ததும் மனைவி சொன்னாள், "பக்கத்துத் தெருதான் சம்பந்தியம்மா வீடு. எட்டிப் பாக்காம போனா நல்லாவாங்க இருக்கும்? எனக்கு முட்டி வலி. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்." எனக்கும் மறுக்க வழியில்லை. கடையில் அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன்.

மருமகளின் அம்மா கணவரை இழந்தவர். பல வருடம் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். சர்க்கரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். தங்கை கூடவே இருந்து சமைத்துப் போடுகிறார். நான் போனபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவாவா சம்பந்தி? அதும் சுகர்காரிக்கு! ஏட்டி, உள்ள வையி, யாராவது நல்ல ஒடம்புக்காரங்க வந்தா கொடுப்போம்" என்று தங்கையிடம் நீட்டினார். எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

பேச்சு மகளைப் பற்றித் திரும்பியது. அவர் குரல் தணிந்தது.

"உங்க வீட்டப் பத்தி நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். நீங்க வேதத்த சாமி அறையில வச்சு தெனம் பூ வைக்கிறியன்னு எம்மக எம்புட்டு பெருமையா சொன்னா தெரியுமா? ஆனா சம்பந்தி, நீங்க கும்பிடுதிய, அவ படிக்க மாட்டேங்கா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என் கண்ணு போன பொறவு அவதான் தெனம் எனக்கு வாசிப்பா. கல்யாணமாகி உங்க ஊருக்கு வந்தும் விடல. காலம்பர வேலைக்குப் போறதுக்கு முன்ன போன் போட்டு வாசிப்பா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி. திடீர்னு ஒரு நாள், நேரமே இல்லம்மான்னு நிறுத்திட்டா. அம்மாவுக்கு செத்த நேரம் ஒதுக்க முடியலையான்னு கேட்டேன். பதிலே இல்ல. மாசம் ஒருக்கா இங்க வந்தா வாசிக்கட்டுமான்னு கேப்பா. அங்க கிடைக்காத நேரம் இங்க மட்டும் எங்கேயிருந்துட்டி வந்துச்சுன்னு நானும் வேண்டாம்னுட்டேன். இப்ப எங்களுக்குள்ள பேச்சே, சாப்ட்டியா தூங்குனியாங்கறதோட சரி."

போனின் மறுமுனையில் இருந்தது யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எதுவும் இல்லை. வாய் வரவில்லை. மகள் தன் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பொய் சொல்லியிருக்கிறாள், அம்மாவோ மகளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நடுவில் நான் சட்டையும் வேட்டியும் வெளுப்பாக உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க மேடையெல்லாம் ஏறிப் பேசுவீங்களாமே" என்றார் அவர். "வந்ததுக்கு எனக்கு ஒரு அதிகாரம் வாசிச்சுக் காட்டுங்களேன். எந்தங்கச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும்."

மறுக்க முடியாமல் அவருடைய பைபிளைக் கையில் வாங்கினேன். லூக்கா பதினைந்து என்றார். நான் பதினைந்தாம் பக்கத்தைத் திறந்தேன். அங்கே யாரோ கப்பல் கட்டிய கதையெல்லாம் முடிந்து, வேறு என்னவோ வந்துகொண்டிருந்தது. தாள்கள் வெங்காயச் சருகு போல ஒட்டிக்கொண்டன. முன்னும் பின்னும் புரட்டினேன். ஒரே அட்டைக்குள் பல புத்தகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரங்கள், அதிகாரத்துக்குள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் என்கிற விவரமே எனக்குத் தெரியாது. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பூ வைத்துக் கும்பிட்ட புத்தகம்!

"என்ன சம்பந்தி, காத்து மட்டும் வருது, சத்தம் வரல?" என்றார். பிறகு கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி, தான் சொன்ன இடத்தை ஏறக்குறையச் சரியாகத் திறந்து கொடுத்தார். பழக்கம்தான். கையில் வைத்து வாழ்ந்தவர்.

அன்று வாசித்தேன். என் மேடைக் குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்து, நடுநடுவே விளக்கமும் சொன்னேன். சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். "சம்பந்தி, நீங்க வாசிங்க. பொருள் வேணும்னா நான் கேக்குதேன்" என்றார்.

கிளம்பும்போது, மெதுவாகக் கேட்டார். "தெனம் போன்ல எனக்கு வாசிக்க முடியுமா? எம்மகளுக்குத் தெரிய வேண்டாம். அவ செய்ய முடியாதத மாமனாரு செய்றாருன்னு சங்கடப்படுவா."

சரி என்றேன். செய்த தப்பைச் சொல்லாமலே ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம்தான்.

மறுநாள் காலை சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டைப் பிரித்து மருமகளின் பைபிளை எடுத்தேன். அட்டையில் நான் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு வாசித்தேன். அவளிடமிருந்து பறித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவள் அம்மாவுக்கு, அவள் இடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஏதோ நல்லது செய்கிற நிறைவுதான் இருந்தது.

எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் பழக்கம். அப்படியே தொடங்கினேன். உலகம் உண்டானது, வெள்ளம் வந்தது வரை வேகமாகப் போயிற்று. அதற்குமேல் வம்ச வரிசைகள், கூடாரத்தின் அளவுகள், பலிகளின் விதிகள். நான் மூச்சு வாங்குவதைக் கேட்டு அவர் சிரித்தார்.

"புதுசா சேந்த நர்ஸ மொத நாளே ஆபரேஷன் தியேட்டர்ல விடுவாங்களா? இயேசு கதையச் சொல்ற நாலு சுவிசேஷம் இருக்குல்ல, அதுல ரொம்பச் சின்னத எடுங்க. கொஞ்சமா வாசிங்க. ஒரே எடத்த ரெண்டு தடவ வாசிங்க. வார்டுல ரவுண்ட்ஸ் போற மாதிரி. ஒவ்வொரு கட்டிலாண்டையும் நின்னு, இங்க யாரு படுத்திருக்கா, யாரு கூட வந்திருக்கா, யாரு பேசல, அதப் பாக்கணும்."

அந்த ரவுண்ட்ஸ் முறையில்தான் நான் பைபிள் படிக்கப் பழகினேன். சோதனைக்கூடத்தில் நூலின் ஒரு சிறு துண்டை எடுத்து முறுக்கைப் பிரித்துப் பார்ப்போமே, அது போலத்தான். நிறைய வாசித்தால் ஒன்றும் நிற்காது. சின்னப் பகுதியை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு இழையும் தெரியும்.

நடக்க முடியாத ஒருவனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூட்டத்தில் வழி கிடைக்காமல், வீட்டின் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கிய கதை வந்தது. அன்று காப்பி குடிக்கும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள், "ஓட்டப் பிரிச்சா வீட்டுக்காரன் சும்மாவாங்க இருந்தான்?" மறுநாள் இதைச் சம்பந்தியம்மாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "அம்பது வருசமா வாசிக்கேன், அந்த வீட்டுக்காரன நான் நெனைக்கவே இல்லையே! உங்க வீட்டம்மாதான் உண்மையான ரவுண்ட்ஸ் நர்ஸு" என்றார்.

பார்வை இல்லாத ஒருவரை இயேசு கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப் போகிற பகுதியை வாசித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் தொட்டபோது அவருக்கு மனிதர்கள் மரங்கள் நடப்பது போலத் தெரிகிறார்கள், மறுபடி தொட்ட பிறகுதான் தெளிவாகத் தெரிகிறார்கள். நான் முடித்ததும், "எனக்கு அந்தப் பாதி வழியில இருந்த பார்வை எப்படின்னு தெரியும். எம்மக வாசல்ல வந்து நிப்பா. மரம் மாதிரிதான் இருப்பா. ஆனா எம்மகன்னு தெரியும்" என்றார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு எந்தப் பகுதி என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு அதில் பிரியம் வந்துவிட்டது. மதம் மாறிவிட்டேனா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இல்லை. இன்றும் திருநீறு பூசிக்கொண்டுதான் உட்காருகிறேன். ஆனால் ஒரு புத்தகத்தின் முன் வாயை மூடிக்கொண்டு கேட்பது எப்படி என்று எழுபது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன்.

சின்னச் சுவிசேஷம் முடிந்து முதல் சுவிசேஷத்துக்குப் போனோம். அதில் மலைமேல் உட்கார்ந்து பேசுகிற பகுதி. வாசித்துக்கொண்டே போனேன். காணிக்கையோடு பீடத்துக்கு வந்த ஒருவனுக்கு, இன்னொருவன் மனத்தில் தன்மேல் ஒரு குறை இருப்பது நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாகிவிட்டு வா என்கிற பொருளில் இரண்டே வரிகள்.

வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தினம் பூ வைக்கிறேன். ஏதோ நினைவுக்கு வராமலா இருக்கிறது எனக்கு?

"என்ன சம்பந்தி?"

"டவர் இல்ல" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மறுநாள் போன் செய்யவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தலைவலி என்று மனைவியிடம் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். "நானும் வாரேம்மா" என்றேன். பைபிளை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். அவள் ஒரு தடவை பையைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் போய் உட்கார்ந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் வழக்கம்போல அழகாகப் பேசித் தப்பித்துவிடுவேன் என்ற பயம் இருந்தது.

"சம்பந்தியம்மா, உங்க மக நேரமில்லாம நிறுத்தல. நான் நிறுத்துனேன். அவ படிக்கறது எனக்குப் பிடிக்கல. பூஜையில வைக்கற மாதிரி வாங்கி, திருப்பிக் கொடுக்கல. புதுசா வாங்கி வந்ததையும் வைக்க விடல. யாருக்கு வாசிக்கான்னுகூட நான் கேட்டதில்ல."

பைபிளை எடுத்து மருமகள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள்.

அம்மா முகம் மகள் இருந்த பக்கம் திரும்பியது. "ஏட்டி, இது நெசமா?"

"விடும்மா."

"எங்கிட்ட ஏன்டி பொய் சொன்ன?"

"சொன்னா நீ அவிய வீட்டப் பத்தி என்ன நெனைப்ப? என்னிய அங்க அனுப்பிட்டோமேன்னு தெனம் அழுவ." பிறகு, தயங்கிச் சொன்னாள். "மாமா உனக்கு வாசிக்கறதும் எனக்குத் தெரியும். துணி காயப்போட மாடிக்கு வாரப்போ ஒரு நாள் உன் சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பொறவு தெனமும் படியில நின்னு கேட்டுட்டுத்தான் வேனுக்குப் போவேன். நீ சிரிக்கறது கேக்கும்லா."

ஈரத் துணி வாளியோடு அவள் மாடிப்படியில் நின்றிருக்கிறாள். தன் புத்தகத்தை, தன் அம்மாவுக்கு, வேறு ஒருவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு. நான் தலையைத் தூக்கவில்லை.

சம்பந்தியம்மா அழவில்லை. கையால் துழாவி மகளின் தலையைத் தொட்டு இழுத்துத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார். "எம்மகள நான் இம்புட்டு நாளா தப்பா நெனச்சுட்டேனே" என்று அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வந்து சொன்னது பெரிய விசயம்தான் சம்பந்தி. ஆனா, பரவால்லன்னு எனக்கு வாய் வரல. கண்ணு போனப்பகூட நான் இப்படித் தனியா இருக்கல. நாளையிலேர்ந்து நீங்க போன் பண்ண வேண்டாம். எம்மக வாசிப்பா."

"சரி" என்றேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை.

மருமகள் அன்று அங்கேயே தங்கிவிட்டாள். நான் தனியாக பஸ் ஏறி வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் மகனிடமும் சொன்னேன். மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மகன், "தெரியும்ப்பா. நீங்களா சொல்லணும்னு அவ சொல்லிட்டா, அதான் கேக்கல" என்றான். அவன் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அடுத்த வாரம் அந்தப் போலீஸ் நண்பர் வந்து, புதிதாகக் கூட்டி வந்த ஒருவருக்குச் சாமி அறையைக் காட்டச் சொன்னார். அங்கே இப்போது பைபிள் இல்லை, அது இருக்க வேண்டியவளிடம் இருக்கிறது, இதுநாள்வரை உங்களிடம் நான் வாங்கிய பாராட்டு திருட்டுப் பாராட்டு என்று அந்தப் புது மனிதர் முன்னாலேயே நடந்ததைச் சொன்னேன். நண்பர் தோளைத் தட்டிவிட்டு, "வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கிறவா?" என்றார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அம்மா வீட்டிலிருந்து திரும்பிய மறுநாளிலிருந்தே மேஜை ஓரத்தில் மருமகளின் குரல் திரும்பவும் கேட்டது. நான் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போய்விடுவேன். அது அவர்களுடைய நேரம். இனி நான் வாசித்துக் காட்ட யாரும் இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை, நியாயமான தண்டனை. கடையில் எனக்கென்று ஒரு பைபிள் வாங்கி, மத்தியானத்தில் தனியாக வாசித்தேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. கூரை வீட்டுக்காரனைப் போல ஏதாவது புதிதாகத் தோன்றினால் சொல்லிச் சிரிக்கவும் ஆள் இல்லை. சில மாதங்கள் இப்படிப் போயின.

ஒரு நாள் காலை வேன் சீக்கிரமே வந்துவிட்டது. தெருமுனையில் ஹாரன் விடாமல் அடித்தது. மருமகள் பாதி வாசிப்பில் எழுந்தாள். பையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் திறந்த பைபிளுமாக வராந்தாவுக்கு வந்தாள்.

"மாமா, இந்த வரியில நிறுத்திருக்கேன். இங்கேருந்து வாசிங்க. முடிச்ச பொறவு போன டேபிள்ல வச்சிருங்க, நான் சாயந்திரம் வந்து எடுத்துக்கிடுதேன்."

என் மடியில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். போனில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பேசத் துணிவில்லை. மறுமுனையிலும் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

"யாரு, சம்பந்தியா?"

"ஆமா."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"வாசிங்க" என்றார். "மேடையில பேசற மாதிரி வேண்டாம். எம்மக மாதிரி வாசிங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அவள் விரல் காட்டிய வரியிலிருந்து தொடங்கினேன். அதன்பின் வேன் முந்திக்கொண்ட நாட்களிலெல்லாம் மீதிப் பாதி என்னிடம் வந்தது. இப்போது வேன் நேரத்துக்கு வந்தால்கூட, கடைசிச் சில வரிகளை எனக்கென்று விட்டுவைத்துவிட்டுத்தான் போகிறாள். மன்னித்தேன் என்று அந்த இருவரில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் தான் நிறுத்திய இடத்திலிருந்து தன் அம்மாவுக்கு வாசிக்க அவள் என்னை நம்புகிறாள், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாமல் இருக்க வேண்டும் என்ற கவனத்தோடுதான் இன்றும் ஒவ்வொரு காலையும் கண் விழிக்கிறேன்.